ப்ளூமன்வீருக்குத் திருஷ்டி கழித்த கதை

ஆவுடையம்மாள் ஒரு பொருளைப் பார்த்து "நல்லாருக்கே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அதற்கப்புறம் அந்தப் பொருள் நல்லா இருக்காது என்பது தென்காசியில் அவள் குடியிருந்த தெருவில் எல்லோருக்கும் தெரியும், அவளைத் தவிர. அவள் பாராட்டிய குளிர்சாதனப் பெட்டி மறுநாளே உறுமலை நிறுத்தியது, அவள் அண்ணாந்து பார்த்து நின்ற பலாமரம் அந்த வருஷத்தோடு காய்ப்பதை விட்டுவிட்டது, மார்கழியில் ஒரு வீட்டு வாசலில் பெரிய தேர்க்கோலத்தைப் பார்த்து அவள் வாய் திறந்த மறுநிமிஷம் எங்கிருந்தோ ஒரு மாடு வந்து அதன் நட்டநடுவில் படுத்துக்கொண்டது. இதையெல்லாம் அவளுடைய தம்பி பெண்டாட்டி செண்பகவடிவு முப்பத்தொரு வருஷமாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். மதினி வீட்டுக்கு வந்துவிட்டுப் போய்த் தெருமுனை திரும்பினதும், கல்லுப்பு, காய்ந்த மிளகாய், கடுகு, முச்சந்தி மண் எல்லாம் உள்ளங்கையில் வைத்து மூடி, புருஷனையும் மகளையும் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, மும்முறை சுற்றி அடுப்பில் போட்டுவிட்டுத்தான் அவள் மறுவேலை பார்ப்பாள். இதில் அவளுக்கு நல்ல கைராசி. தெருவில் எந்தக் குழந்தை பால் குடிக்க மறுத்தாலும் அவளிடம்தான் தூக்கி வருவார்கள். ஆனால் எதற்காகச் சுற்றுகிறாள், யார் கண்ணுக்காகச் சுற்றுகிறாள் என்பதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவ்வளவு மரியாதை அவளிடம் இருந்தது.

அப்படிப்பட்ட இரண்டு பேரும், நடுவில் ஆறுமுகநயினாரும் – அதாவது ஒருத்திக்குப் புருஷன், இன்னொருத்திக்குத் தம்பி, தாலுகா ஆபீசில் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர் – பிரான்சு தேசத்தின் கிழக்கு ஓரத்தில் அல்சாஸ் என்கிற சீமையின் பழைய ஊர்களை ஏழு நாளில் பார்த்துவிட்டு வருகிற ஒரு சுற்றுலாவில் போய்ச் சேர்ந்தார்கள். முப்பத்திரண்டு பேர், ஒரு பஸ், பஸ்ஸுக்குப் பின்னாலேயே அரிசி பருப்பு அடுப்பு சகிதம் ஒரு சமையல் வேன். சாம்பார் இல்லாமல் சரித்திரம் பார்க்க மாட்டோம் என்பதுதான் அந்தக் கூட்டத்தின் கொள்கை. வழிகாட்டியாக வந்தவர் பிலிப் சவரிராயன். பாண்டிச்சேரியில் பிறந்து, முப்பது வருஷமாக ஸ்ட்ராஸ்பூரில் குடியிருந்து, ஊர் காட்டிக் காட்டி எதைக் கண்டும் அசராத நிலைக்கு வந்துவிட்ட மனிதர்.

முதல் நாள் ஸ்ட்ராஸ்பூரில், இளஞ்சிவப்புக் கல்லில் வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்ற மாதா கோயிலின் கீழே நின்று எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள். ஆவுடையம்மாள் மட்டும், "ஒரு கோபுரந்தான இருக்கு, இன்னொண்ணு எங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு கட்டணும்னுதான் ஆரம்பிச்சாங்க மா. இன்னொண்ணு கட்டவே இல்ல" என்றார் சவரிராயன்.

"ஐயோ பாவம், எவ கண்ணு பட்டுச்சோ" என்றாள் ஆவுடையம்மாள் உண்மையான இரக்கத்தோடு. செண்பகவடிவு அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொல்மாரில் வாய்க்கால் ஓரமாக மஞ்சளும் நீலமும் ரோஜா நிறமும் அடித்த வீடுகளைப் பார்த்து அவள் நான்கு தடவை "நல்லாருக்கே" சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கூட்டத்தில் இரண்டு செருப்பு வார் அறுந்தது, மதுரைப் பேராசிரியர் ஒருவருடைய கேமரா கண் திறக்க மறுத்தது, புது வெந்நீர்க்குடுவை ஒன்று நின்ற இடத்திலேயே விரிசல் விட்டது. மற்றவர்கள் இதைப் பயணக் கஷ்டம் என்று நினைத்தார்கள். செண்பகவடிவு ஒவ்வொன்றாக மனதில் குறித்துக்கொண்டு, வெளிநாட்டில் முச்சந்தி மண்ணுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே வந்தாள்.

நான்காம் நாள் காலை ப்ளூமன்வீர் வந்தது. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் வட்டமாக மதில் சூழ்ந்த சின்ன ஊர். மரச்சட்டம் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற பழைய வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும், ஜன்னல் தவறாமல் சிவப்பு ஜெரேனியம் பூத்துத் தொங்கும், கூரை உச்சியில் நாரை கூடு கட்டியிருக்கும், நடுச்சதுக்கத்தில் ஒரு கல் நீரூற்று. அல்சாஸிலேயே அழகான ஊர் என்று ஒன்பது முறை பரிசு வாங்கியதை வாசலில் பலகை போட்டுச் சொல்லியிருந்தார்கள். பொம்பளைப் பிள்ளையைப் பெற்ற எந்தத் தாயும் செய்யத் துணியாத காரியம் அது, பிள்ளை அழகு என்று வாசலில் எழுதி வைப்பது.

ஆவுடையம்மாள் கோட்டை வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஊரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, வழக்கமான ஒரு வார்த்தையோடு நிறுத்தாமல், "எம்மா, இப்படியும் ஒரு ஊரு இருக்குமா? எவ்வளவு நல்லாருக்கு. எவ்வளவு நல்லாருக்கு. பூராம் நல்லாருக்கே" என்றாள்.

செண்பகவடிவு ஊருக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு ஜன்னலில் கிழவி ஒருத்தி பூவாளியால் பூவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், ரொட்டிக்கடைக்காரன் மாவுக் கையோடு வெளியே வந்து யாருக்கோ வணக்கம் சொன்னான், கூட்டில் நாரைக்குஞ்சு கத்தியது. நாளைக்கு இவர்களுக்கெல்லாம் ஒன்று என்றால் அந்தப் பாவம் தன் குடும்பத்தைத்தானே சேரும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு அவளால் சும்மா இருக்க முடியாது, சும்மா இருந்தும் பழக்கமில்லை.

மதினி தலைவலி என்று பஸ்ஸுக்குத் திரும்பிப் போய்க் கண்ணயர்ந்தாள். புருஷன் முட்டி வலிக்கிறது என்று நீரூற்றுத் திட்டில் ஐஸ்க்ரீமோடு உட்கார்ந்து, சதுக்கம் எத்தனை அடிக்கு எத்தனை அடி இருக்கும் என்று கண்ணாலேயே அளக்க ஆரம்பித்தார். கூட்டம் சவரிராயன் பின்னால், மதிலுக்கு வெளியே பழைய அகழிக்கரையைப் பார்க்கப் போனது. செண்பகவடிவு சமையல் வேனுக்குப் போய், கல்லுப்பும் மிளகாயும் கடுகும் வாங்கி, ஊருக்குள் மூன்று தெரு கூடுகிற இடத்தில் கல் பாவிய இடுக்கிலிருந்து ஹேர்பின்னால் மண்ணைச் சுரண்டி எடுத்து, கையை மூடிக்கொண்டு கோட்டை வாசலுக்கு வெளியே வந்தாள். மதிலை ஒட்டிச் சுற்றிப் போக ஒரு பாதை இருந்தது.

குழந்தைக்கு மூன்று சுற்று. கல்யாணப் பெண்ணுக்கும் மூன்றுதான். வீடு கட்டினால் ஐந்து சுற்றலாம். ஒரு ஊருக்கு எத்தனை என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை, ஏனென்றால் ஊருக்கு யாரும் சுற்றியதில்லை. பரிசுப் பலகையை ஒரு பார்வை பார்த்து, ஒன்பது என்று அவளே முடிவு கட்டினாள். சுற்றும்போது பேசக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது, வழியில் யார் கூப்பிட்டாலும் நிற்கக்கூடாது. ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, வந்த கண்ணு, போன கண்ணு, படம் பிடித்த கண்ணு, பரிசு கொடுத்த கண்ணு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அவள் ஒன்பது சுற்று வந்து முடித்தபோது உச்சிவேளை ஆகியிருந்தது. நேராகச் சமையல் வேனுக்குப் போய் எரிகிற அடுப்பில் கையை உதறினாள். உப்பு படபடவென்று வெடித்தது, மிளகாய் கருகியது, ஆனால் துளி நெடி இல்லை. பத்து மிளகாய் கருகிய இடத்தில் பச்சைத் தண்ணீர் கொதிக்கிற வாசனைகூட இல்லை.

"யம்மாடி, அவ்வளவு கண்ணா இருந்துச்சு" என்றார் சமையல்காரர், அப்பளத்தைத் திருப்பிக்கொண்டே.

செண்பகவடிவு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஊரைத் திரும்பிப் பார்த்தாள். பஸ் நிறுத்தும் இடம் இருந்தது, பலகை இருந்தது, தண்ணீர்க் குழாய் இருந்தது. ப்ளூமன்வீர் இருந்த இடத்தில் திராட்சைத் தோட்டம் வரிசை வரிசையாக மலையடிவாரம் வரைக்கும் போயிற்று. அளவுக்கு மீறிச் சோப்புப் போட்டுத் துவைத்தால் அழுக்கோடு சாயமும் போய்விடுவதில்லையா, அதுபோல, கெட்ட கண்ணைக் கழிக்கப் போய் நல்ல கண்ணையும் சேர்த்துக் கழித்துவிட்டாள் என்பது அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. எவர் கண்ணிலும் படாத ஊராக அது ஆகிவிட்டிருந்தது.

"அவுக உள்ள இருந்தாகளே" என்றாள் அவள்.

அப்போது அவள் தோளில் ஒரு கை விழுந்தது. "ஏளா, பஸ் எத்தன மணிக்குங்கான்? அந்த ஐஸ்க்ரீம் நல்லாவே இல்ல பாத்துக்க" என்று ஆறுமுகநயினாரின் குரல் கேட்டது. அவள் திரும்பினாள். குரல் வந்த இடத்தில் தண்ணீர்க் குழாய் மட்டும் இருந்தது.

கூட்டம் இதை ஏற்றுக்கொள்ள முழுதாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆளை விட்டுவிட்டுப் போக முடியாது என்று, பாக்கி ஊர்களை விட்டுவிட்டு அங்கேயே தங்குவதென்றும் முடிவாகிவிட்டது. ஒன்பது சுற்றுச் சுற்றினால் அப்படித்தான் ஆகும் என்று பெண்கள் சொன்னார்கள், வேறு எப்படி ஆகும் என்று எதிர்பார்த்தீர்கள் என்று ஆண்களைக் கேட்டார்கள். பேராசிரியர், ஜன்னலோர இருக்கை காலியாகத்தானே இருக்கிறது என்று போய் உட்கார்ந்து, ஆறுமுகநயினாரின் மடியிலிருந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்தார். தட்டில் வைத்த சோறு கவளம் கவளமாக எழும்பி மறைவதைப் பார்த்து, "ரசம் ஊத்தட்டுமா சார்?" என்று சமையல்காரர் காற்றைக் கேட்டார். காற்று கொஞ்சம் போதும் என்றது. மதிலைத் தடவிப் பார்க்கப் போனவர்கள் கையில் கல் தட்டுப்பட்டது, ஒருத்தருக்கு மூக்கில் தட்டுப்பட்டது. உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு எல்லாமே முன்போலத் தெரிந்தது. வெளியே இருந்தவர்களுக்குத்தான் ஒன்றும் இல்லை.

போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து, தோட்டத்தை வெகுநேரம் பார்த்து, குரல்களிடம் பெயரும் முகவரியும் கேட்டு எழுதிக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது என்று போய்விட்டார்கள். சாலையைப் பராமரிக்கிறவர்கள் மறுநாளே, "இங்கே ஓர் ஊர் இருக்கிறது, மெதுவாகச் செல்லவும்" என்று ஒரு பலகை நட்டார்கள். தபால்காரி வழக்கமான இடத்தில் நின்று கடிதங்களைத் தோட்டத்துக்குள் நீட்டினாள், அவை ஒவ்வொன்றாக நன்றி சொல்லிக்கொண்டு மறைந்தன. சுற்றுலாப் பேருந்துகள் வந்து, நின்று, திராட்சைக்கொடியைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பின.

ஊருக்குள் நடந்ததை ஆறுமுகநயினார்தான் வந்து வந்து சொன்னார். முதல் நாள் மேயர் அம்மாள் சதுக்கத்தில் கூட்டம் போட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாளாம். இரண்டாம் நாள் காலை, பூவாளிக் கிழவி பூத்தொட்டிகளை ஓரமாக நகர்த்திவிட்டு, ஜன்னலில் தன் உள்பாவாடையைக் காயப்போட்டாளாம். ஊர் அதைப் பார்த்தது, கொஞ்ச நேரம் யோசித்தது, அதன் பிறகு நாற்பது வருஷமாக மச்சுக்குள் காயப்போட்ட துணியெல்லாம் வீதிக்கு வந்துவிட்டதாம்.

"ரொட்டிக்கடைக்காரன் சட்டையில்லாம ரொட்டி சுடுதான். மேயரம்மா கடவாசல்ல உக்காந்து சீட்டாடுதா. என்னையும் கூப்பிட்டா, போனேன்" என்றார் அவர்.

"பாஷை தெரியாம என்ன சீட்டாடுனிய?"

"சீட்டுக்கு என்னத்துக்குளா பாஷை? நாலு ஆட்டம் ஜெயிச்சிருக்கேன். அந்தச் சதுக்கம் இருக்குல்லா, அது சதுக்கமே இல்ல. ஒரு பக்கம் ரெண்டடி கோணல். அறுநூறு வருஷமா ஒருத்தன் அளந்து பாக்கல."

அவர் சந்தோஷமாக இருந்தார். செண்பகவடிவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை விமானம். சவரிராயன் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "படத்துல சார் இருக்கார் மா. படத்தை எதோட ஒத்துப்பாப்பாங்கன்னுதான் தெரியல. இன்ஷூரன்ஸ்லயும் கேட்டேன். தொலைஞ்சா உண்டாம், காலமானா உண்டாம். தெரியாமப் போனா இல்லையாம்" என்றார். அதுவாவது ஆபீஸ் சங்கடம். அவளுக்குள் வேறு ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அவர் முகத்தை நேருக்கு நேர் எத்தனை முறை பார்த்திருப்போம் என்று அவள் எண்ணிப் பார்த்தாள். சோறு போடும்போது தட்டைப் பார்த்தாள், சண்டை போடும்போது சுவரைப் பார்த்தாள். இப்போது பார்க்க வேண்டும் போலிருந்தது, பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அக்கம்பக்கத்து ஊர்களின் மேயர்கள் நான்கு பேர் கழுத்தில் டையோடு வந்தார்கள். ப்ளூமன்வீரின் நிம்மதியைப் பற்றிக் கேள்விப்பட்டு, எங்கள் ஊருக்கும் இந்த அம்மாள் சுற்றிப்போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டுமாவது சுற்றிப்போட முடியுமா என்று கேட்டார்கள். வாகன நிறுத்தத்தில் நாற்காலி போட்டு அவர்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். ஒரு மேயர், எதற்காக இப்படிச் செய்தீர்கள், எங்கள் சீமையில் அப்படி என்ன ஆபத்து கண்டீர்கள் என்று கேட்க, சவரிராயன் அதைத் தமிழில் சொன்னார்.

மதினி பஸ்ஸில் தூங்குகிறாள் என்றுதான் செண்பகவடிவு நினைத்தாள். "எங்க மதினி கண்ணு பொல்லாதது" என்று ஆரம்பித்தாள். கேட்கிறவர்கள் மேயர்கள், முழு விவரம் தரவேண்டும் என்று குளிர்சாதனப் பெட்டியைச் சொன்னாள், பலாமரத்தைச் சொன்னாள், மாட்டைச் சொன்னாள், ஒவ்வொரு முறையும் தான் சுற்றிப்போட்டதைச் சொன்னாள். சவரிராயன் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பிரெஞ்சில் சொன்னார். மேயர்கள் தலையை ஆட்டிக்கொண்டே அவளுக்குப் பின்னால் பார்த்தார்கள். பஸ் படியில் ஆவுடையம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் படியிலிருந்து இறங்கினாள். கொல்மாரில் யாரோ வாங்கியிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள். கண்ணாடிக்குள்ளும் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் பெண்கள் கையைப் பிடித்துத்தான் அவளைக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. சாப்பிடச் சொன்னால், "தட்ட நான் பாக்க மாட்டேன். கைல உருட்டித் தாங்க, இல்லாட்டி வேண்டாம்" என்றாள்.

கழித்தது கழித்ததுதான், திருப்பிச் சுற்றினால் திரும்பி வராது. மறுபடியும் ஒரு கண் பட்டால்தான் உண்டு என்பது செண்பகவடிவுக்குத் தெரியும். முப்பது பேரும் முயன்று பார்த்தார்கள். தோட்டத்தின் முன் வரிசையாக நின்று பொறாமைப்பட்டார்கள். எதையும் பார்க்காமல் பொறாமைப்படுவது லேசான காரியமில்லை. ஒருத்தி ஞாபகத்திலிருந்து ஜெரேனியத்தை நினைத்து ஏங்கினாள், அந்தப் பூ எங்கள் மொட்டைமாடியிலேயே வரும் என்று தோன்றி ஏக்கம் போய்விட்டது. பேராசிரியர் தமக்கு யார்மீதும் பொறாமை கிடையாது என்று அறிவித்துவிட்டு, சக பேராசிரியர் ஒருவரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். ஊர் வரவில்லை.

சனிக்கிழமை காலை செண்பகவடிவு மதினியின் காலடியில் போய் உட்கார்ந்தாள். ஆவுடையம்மாள் வாகன நிறுத்தத்தின் ஓரத்தில் பெஞ்சில் கறுப்புக் கண்ணாடியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"மதினி, நான் செஞ்சது தப்பு. ஒங்க தம்பிக்காக ஒரு தடவ கண்ணத் தொறந்து பாருங்க."

"நான் பாத்தா கெட்டுல்லா போகும்."

"மதினி..."

"நீ சுத்திப் போட்டது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? தெருமுனை திரும்புனதும் மொளகா நெடி வரும். சரி, எவளுக்கோ சுத்துதான்னு நானா சொல்லிக்கிடுவேன். அப்படியே முப்பது வருஷம் சொல்லிட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "எனக்குக் கல்யாணம் ஆகி நாலு வருஷத்துல அவரு போனாரே. அன்னைக்கு எங்க அத்தை என்ன சொன்னா தெரியுமா? நீ அவன அப்படிப் பாத்துப் பாத்துத்தான் அவன் போனான்னா. நான் ஆசையாத்தான் பாத்தேன் செம்பகம். இருபத்தாறு வயசு. வேற எப்படிப் பாப்பா?"

 இவ்வளவு காலம் உப்பை எடுத்துச் சுற்றிய கையைப் பார்க்கச் செண்பகவடிவுக்கே வெட்கமாக இருந்தது. எழுந்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தோட்டத்தின் ஓரத்துக்குப் போய், "என்னாங்க" என்று கூப்பிட்டாள்.

"இங்கதான் நிக்கேன்" என்றது குரல், ஒரு முழத் தூரத்தில்.

"நாளைக்கு நான் பிளேன்ல ஏறல. நானும் இங்கயே இருந்துடுதேன்."

"பைத்தியமா ஒனக்கு? மகளுக்கு யாரு பதில் சொல்லுவா?"

"போன் போட்டுச் சொல்லுவோம். ஒங்களத் தெரியாட்டா என்ன, பேச்சு கேக்குதுல்லா. அந்தக் கிழவிக்குத் துணி காயப்போட ஒத்தாசைக்கு ஆள் வேண்டாமா? ஒங்களுக்கு ரசம் வைக்க ஆளு வேண்டாமா?"

குரல் இன்னும் கிட்டே வந்தது. பிறகு, "மூணு நாளா நீ சரியா சாப்பிடலைன்னு சமையக்காரர் சொன்னாரு. நான் அங்கனதான் நின்னேன், பாத்தேன். எனக்கு நீ தெரியுதல்லா. இத்தன வருஷமா நான் ஒன்ன இப்படிப் பாத்ததில்லளா. நீ சோத்தப் பெசஞ்சு வச்சுட்டு உக்காந்திருந்த" என்றது.

செண்பகவடிவு கையை நீட்டினாள். முகம் எந்த உயரத்தில் இருக்கும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. கன்னம் சொரசொரவென்று உள்ளங்கையில் பட்டது. "சவரம் பண்ணலியா?" என்றாள். "யாரு பாக்கப் போறான்னு விட்டுட்டேன்" என்றார் அவர். பட்டப்பகலில், முப்பது பேர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவள் ஒன்றுமில்லாத இடத்தைத் தடவிக்கொண்டு அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றாள்.

பெஞ்சில் இருந்த ஆவுடையம்மாள் இதையெல்லாம் காதால்தான் கேட்டாள். கேட்டதும் கண்ணுக்குள் நீர் கட்டிக்கொண்டது. துடைக்கக் கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது, கழற்றினால் கண்ணைத் திறக்க வேண்டியிருந்தது. திறந்தாள். தம்பி பெண்டாட்டி காற்றில் கையை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். குளிர்சாதனப் பெட்டியையும் பலாமரத்தையும் பார்த்தபோது அவளுக்கு இருந்தது வெறும் சந்தோஷம்தான், அதற்கு ஊர் என்ன பெயர் வைத்தாலும் சரி. இப்போது வந்தது அது இல்லை. இது எனக்கு இருந்திருக்கலாமே, எனக்கு இருந்ததே, என்று அடிவயிற்றிலிருந்து ஏறி வந்தது. சவரம் பண்ணாத ஒரு கன்னம் அவளுக்கு வேண்டியிருந்தது, அறுபத்திரண்டு வயதில், பிரான்சு தேசத்தில், ஒரு வாகன நிறுத்தத்தில். அவள் அதை மறைக்கவில்லை, வாய் திறந்து நல்லாருக்கே என்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முதலில் செண்பகவடிவின் உள்ளங்கைக்குக் கீழே நரைத்த மூன்று நாள் தாடி தெரிந்தது. அதற்கப்புறம் மூக்கு, காது, ஐஸ்க்ரீம் கறை பட்ட சட்டை. அவர் முதுகுக்குப் பின்னால் கோட்டை வாசல் வந்தது, வாசலுக்குள் தெரு வந்தது, தெருவில் கொடி கொடியாகக் கட்டியிருந்த உள்பாவாடைகளும் பனியன்களும் வந்தன, சட்டையில்லாத ரொட்டிக்கடைக்காரன் வந்தான், கடைவாசலில் காலை நீட்டிச் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்த மேயர் அம்மாள் வந்தாள், கடைசியில் கூரை உச்சியில் நாரையும் வந்து ஒற்றைக்காலில் நின்றது. அப்போதுதான் வந்து நின்ற ஒரு சுற்றுலாப் பேருந்திலிருந்து நாற்பது பேர் இறங்கி, அல்சாஸில் இவ்வளவு அழகான ஊரைப் பார்த்ததே இல்லை என்று உள்பாவாடைகளைப் படம் எடுத்தார்கள். மேயர் அம்மாள் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நல்வரவு சொல்ல நடந்து வந்தாள். ரொட்டிக்கடைக்காரன் மட்டும் கடைசிவரைக்கும் சட்டை போடவில்லை என்று கேள்வி.

செண்பகவடிவு புருஷன் முகத்தைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவள் கவலைப்படவில்லை.

ஆறுமுகநயினார் அவள் தோளுக்கு மேலாகத் தன் அக்காவைக் கண்டார். கண்ணாடி மடியில் கிடக்க, இரண்டு கண்ணும் சிவந்து திறந்திருக்க உட்கார்ந்திருந்த அக்காவைக் கண்டதும், "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு வேகமாக ஒரு அடி எடுத்து வைத்தார். வாசற்கல்லில் அவருடைய கால் மடங்கியது. அப்படியே சரிந்து உட்கார்ந்தார். கணுக்கால் பார்க்கப் பார்க்க வீங்கியது.

இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆவுடையம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.  பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவள் தம்பியைத் தொடக்கூடத் தைரியம் இல்லாமல் நான்கு அடி தள்ளி நின்றாள்.

"நான் பாத்தேன் செம்பகம். இந்தத் தடவ ஆசப்பட்டுத்தான் பாத்தேன். அதான் விழுந்துட்டான்."

செண்பகவடிவு தரையில் உட்கார்ந்து புருஷனின் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து மதினியைப் பார்த்தாள்.

"கல்லு ஈரம் மதினி. இவுகளுக்குச் செருப்பு வழுக்கிட்டு. நான் கிட்டதான நின்னேன், பாத்துக்கிட்டுதான் இருந்தேன். வாங்க, அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க, பஸ் வரைக்கும் கூட்டிட்டுப் போவோம்."

நான்கு நாளாக அல்சாஸில் ஒரு சொட்டு மழை இல்லை. ஆறுமுகநயினார் வாயைத் திறக்கப் போனார், பெண்டாட்டி கணுக்காலில் வைத்திருந்த கை அழுத்தியதும் மூடிக்கொண்டார். ஆவுடையம்மாள் குனிந்து, தம்பி வழுக்கிய கல்லைத் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் கிடந்த கல் உள்ளங்கையைச் சுட்டது. கையை எடுத்துப் புடவையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டு, "ஆமா, நல்ல ஈரம்" என்று சொல்லிவிட்டுத் தம்பியின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.